லாபம் இருக்கிறது, சம்பளம் ஏன் தள்ளிப் போகிறது?

எங்கள் கோயில் தமிழ் வகுப்பில் படித்து வளர்ந்த பெண் ஒருத்தி இப்போது இங்கே யாங்கோனில் ஓர் ஏற்றுமதி கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் இப்படிக் கேட்டு எழுதியிருந்தாள்: “மாமா, மீட்டிங்கில் ஈக்விட்டி, வொர்க்கிங் கேப்பிட்டல், எபிட்டா, டைல்யூஷன் என்று என்னென்னவோ பேசுகிறார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். இந்த வருஷம் நல்ல லாபம் என்று முதலாளியே சொன்னார். ஆனால் எங்கள் சம்பளம் பன்னிரண்டு நாள் தள்ளித்தான் வந்தது. லாபம் இருந்தால் சம்பளம் ஏன் தாமதமாகிறது? இந்தச் சொற்களை எல்லாம் எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?”

அந்தச் சம்பளக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம், அம்மா. நீ பட்டியல் போட்ட சொற்களில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. முப்பது வருஷமாக இந்த ஊரில் கணக்கு எழுதுகிறேன். கடை மூடியவர்களில் நஷ்டத்தால் மூடியவர்களைவிட, லாபக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே மூடியவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் பயத்தை விடு. இவை நமக்குப் புதிய சொற்களே கிடையாது. என் தாத்தா இப்போது ஷ்வே பொந்தா தெரு என்று சொல்கிறோமே, அந்தப் பழைய மொகல் ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்த ஒரு கிட்டங்கிக்கு எடுபிடி வேலைக்கு வந்தவர். தரையில் பாய், ஆளுக்கு ஒரு சாய்வு மேசைப்பெட்டி. மேலே பிள்ளையார் சுழி போட்ட பேரேடு. ஒரே கூடத்தில் பல கடைகளின் பெட்டிகள் வரிசையாக இருக்கும் என்று சொல்வார். ஒரு பெட்டிதான் ஒரு கம்பெனி. அந்தப் பெட்டியடியில் முதல், வட்டி, தவணை, நடப்பு, உண்டியல், பற்று வரவு, ஐந்தொகை என்று பேசிக்கொண்டார்கள். ஈக்விட்டி என்பது அவர்கள் சொன்ன முதல். முதலை ஆள்பவர் முதலாளி. பேலன்ஸ் ஷீட் என்பது ஐந்தொகை. இங்கே கடையை நடத்திய ஏஜெண்ட், தமிழ்நாட்டில் சொந்த ஊரில் இருந்த முதலாளிக்கு அந்த ஐந்தொகையைத்தான் எழுதி அனுப்பினார். இன்றைக்கு ஒரு கம்பெனியின் மேனேஜர் பங்குதாரர்களுக்கு அனுப்பும் ஆண்டறிக்கையும் அதே காரியத்துக்குத்தான்: கண்ணுக்கு எட்டாத தூரத்தில் தன் காசு எப்படி இருக்கிறது என்று முதல் போட்டவர் தெரிந்துகொள்ள.

நீ எந்தப் புதுச் சொல்லைக் கேட்டாலும் ஒன்றே ஒன்று செய். அது ஐந்தொகையில் எந்த இடத்தில் உட்காருகிறது என்று தேடு. இடம் தெரிந்துவிட்டால் பொருளும் தெரிந்துவிடும்.

சரி, ஒரு கடையைப் போட்டுப் பார்ப்போம். பயின்னாங் சந்தையில் ஓர் உளுந்துக் கடை. கணக்குக்காக நானே போடும் தொகைகள் இவை. எல்லாம் லட்சம் கியாட்டில். பர்மியர்கள் தெயின் என்று சொல்வதும் நம்முடைய லட்சத்தைத்தான்.

கடைக்காரர் தன் கையிலிருந்து 60 லட்சம் போடுகிறார். வங்கியில் நீண்ட தவணைக்கு 40 லட்சம் கடன், வருஷ வட்டி 10 சதவீதம். ஆக 100 லட்சம். அதில் ஒரு பழைய லாரி, தராசு, கிடங்கு மராமத்து எல்லாம் சேர்த்து 30. உளுந்து மூட்டையாக 55. பெட்டியில் ரொக்கம் 15. கூட்டினால் இதுவும் 100. இதுதான் ஐந்தொகை: ஒரு பக்கம் காசு யாருடையது என்று இருக்கிறது, மறுபக்கம் அதே காசு இப்போது என்ன உருவத்தில் நிற்கிறது என்று இருக்கிறது. ஒரே காசை இரண்டு கேள்வி கேட்கிறோம். அதனால்தான் இரண்டு பக்கமும் எப்போதும் சமமாக வருகிறது. மந்திரம் ஒன்றும் இல்லை.

இப்போது வருஷம் ஓடட்டும். 150 லட்சத்துக்கு விற்றார். விற்ற உளுந்தின் கொள்முதல் விலை 120. மொத்த லாபம் 30. கிடங்கு வாடகை, ஆள் கூலி, மூட்டை தூக்கும் கூலி, டீசல், போன் எல்லாம் 14. மிச்சம் 16. இந்த 16 தான் மீட்டிங்கில் நீ கேட்ட எபிட்டா. வட்டி, வரி, தேய்மானம் இவற்றைக் கழிப்பதற்கு முன்னால் நிற்கும் தொகை. லாரியும் மற்றவையும் 6 வருஷம் உழைக்கும் என்று வைத்தால் வருஷத்துக்கு 5 லட்சம் தேய்மானம். அதைக் கழித்தால் 11. இது தொழில் சம்பாதித்த லாபம். வங்கி வட்டி 4 போக, கடைக்காரருக்கு 7 லட்சம். வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

எபிட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். இரண்டு கடைகளை ஒப்பிட அது உதவும். ஒருவர் கடன் வாங்கி நடத்துகிறார், இன்னொருவர் சொந்தக் காசில் நடத்துகிறார் என்றால் வட்டியை ஒதுக்கிவிட்டுத் தொழிலை மட்டும் பார்க்கலாம். ஆனால் அதையே லாபம் என்று சொல்லிக் காட்டுகிறவரிடம் எச்சரிக்கையாக இரு. லாரி தேய்வது உண்மை. ஆறாவது வருஷம் அது நடுரோட்டில் நிற்கும்போது புது லாரிக்குக் காசு வேண்டும். அந்தச் செலவு இல்லாதது போலப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

லாபம் 7 லட்சம் என்று முடிவாகிவிட்டது. இனி பெட்டியைத் திறந்து பார்ப்போம்.

விற்றது 150 என்றாலும், ஏற்றுமதிக்காரர் ஒருவர் 35 லட்சத்தைப் பிறகு தருகிறேன் என்று நிறுத்தி வைத்திருக்கிறார். கைக்கு வந்தது 115. வருஷக் கடைசியில் கிடங்கில் 50 லட்சத்துக்கு உளுந்து இருக்கிறது. அப்படியானால் வருஷத்தில் வாங்கியது 115. அதில் பெகுப் பக்கத்துத் தரகருக்கு 10 லட்சம் இன்னும் கொடுக்கவில்லை, கொடுத்தது 105. அப்புறம் செலவு 14, வட்டி 4. ஆரம்ப ரொக்கம் 15, வந்தது 115, போனது 123. பெட்டியில் இருப்பது 7 லட்சம்.

நன்றாகப் பார். லாபம் 7 லட்சம் சம்பாதித்த வருஷத்தில் ரொக்கம் 15-லிருந்து 7-க்கு இறங்கிவிட்டது. யாரும் திருடவில்லை, கணக்கிலும் தப்பில்லை. ஐந்தொகையைப் போட்டுப் பார்: லாரியும் தராசும் தேய்மானம் போக 25, உளுந்து 50, வரவேண்டிய பாக்கி 35, ரொக்கம் 7. மொத்தம் 117. மறுபக்கம் வங்கிக்கு 40, தரகருக்கு 10, முதல் 60, அதோடு சேர்ந்த லாபம் 7. அதுவும் 117. லாபம் எங்கேயும் ஓடிப்போகவில்லை. ஏற்றுமதிக்காரரின் பாக்கிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சம்பளம் கொடுக்க முடியாது. உங்கள் கம்பெனியிலும் அந்தப் பன்னிரண்டு நாள் பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும்.

வொர்க்கிங் கேப்பிட்டல் என்று அவர்கள் சொன்னது இந்தப் பகுதியைத்தான். நடைமுறை மூலதனம் என்று தமிழில் எழுதுகிறோம். உளுந்து 50, பாக்கி 35, ரொக்கம் 7 சேர்ந்தால் 92. அதில் சீக்கிரம் கொடுக்கவேண்டிய 10 போக 82. அன்றாட ஓட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் காசு அது. வருஷ ஆரம்பத்தில் அது 70 தான். வியாபாரம் பெரிதாகப் பெரிதாக இந்தத் தொகையும் வளரும், ரொக்கத்தைக் குடிக்கும். ஆர்டர் இரண்டு மடங்கு ஆனதும் சில கம்பெனிகள் மூச்சுத் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

இதை நாள் கணக்கில் மாற்றினால் இன்னும் தெளிவாகும். 120 லட்சம் கொள்முதலுக்கு 50 லட்சம் சரக்கு என்றால், ஒரு மூட்டை சராசரியாக 152 நாள் கிடங்கில் தூங்குகிறது. 150 லட்சம் விற்பனையில் 35 பாக்கி என்றால், விற்ற காசு வர 85 நாள். வாங்கிய 115-ல் 10 பாக்கி என்றால், தரகருக்கு நாம் காட்டும் தாமதம் 32 நாள். 152-ம் 85-ம் கூட்டி 32-ஐக் கழி: 205 நாள். உளுந்துக்குக் கொடுத்த ஒரு கியாட் திரும்பிக் கைக்கு வர ஏழு மாதம் போல ஆகிறது. குளிர்காலப் பயிர் பிப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகிறது, வியாபாரமோ வருஷம் முழுக்க நடக்கிறது. அதனால் இந்தத் தொழிலில் நாள் அதிகம்தான். தேநீர்க் கடைக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. காலையில் வாங்கிய பாலுக்கு மதியத்துக்குள் காசு வந்துவிடும். தொழில் எது என்று தெரியாமல் நாளை மட்டும் பார்த்து நல்லது கெட்டது சொல்லாதே.

கிடங்கில் இருக்கும் 50 லட்சம் உண்மையில் 50 லட்சம்தானா என்று ஒரு கேள்வி வரும். நம் ஊர் உளுந்துக்காரர்கள் இதை 2017-ல் வலியோடு கற்றுக்கொண்டார்கள். இங்கே விளையும் உளுந்து பெரும்பாலும் இந்தியாவுக்குத்தான் போகிறது. அந்த வருஷம் ஆகஸ்டில் இந்தியா துவரை, உளுந்து, பயறு இறக்குமதிக்கு வருஷ அளவு இவ்வளவுதான் என்று வரம்பு கட்டியது. விலை சரிந்தது. கணக்கு விதி என்ன சொல்கிறது? சரக்கை வாங்கிய விலை, விற்றால் கிடைக்கும் விலை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும். நம் கடையின் 50 லட்சம் உளுந்து 38 தான் பெறும் என்றால் 12 லட்சத்தை அன்றே கழிக்க வேண்டும். ஒரு கியாட் கூடக் கையை விட்டுப் போகாமலே 7 லட்சம் லாபம் 5 லட்சம் நஷ்டமாகிவிடும். முதல் 60-லிருந்து 55-க்கு இறங்கும். பலர் இதை எழுத மனசு வராமல், விலை திரும்ப ஏறும் என்று பழைய விலையையே ஐந்தொகையில் வைத்திருந்தார்கள். வங்கிக்கு அதையே காட்டி மேலும் கடன் வாங்கியவர்களும் உண்டு. அப்படி ஓர் ஐந்தொகையை எழுதித் தரச் சொல்லி எனக்கும் நெருக்கடி வந்தது. எழுதவில்லை. அந்த வாடிக்கையாளர் போய்விட்டார். இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தமில்லை.

அடுத்தது கடன். கடன் வாங்கித் தொழில் செய்வது நல்லதா கெட்டதா என்று பொதுவாகப் பேசுவதில் பயனில்லை, கணக்கைப் பார். நம் கடையில் 100 லட்சம் உழைத்து 11 சம்பாதித்தது, அதாவது 11 சதவீதம். வங்கிக்குக் கொடுத்தது 10 சதவீதம். அந்த ஒரு சதவீத வித்தியாசம் கடைக்காரர் பக்கம் சேர்ந்தது. அதனால் அவர் போட்ட 60-க்கு 7 கிடைத்தது, ஏறக்குறைய 11.7 சதவீதம். ஈக்விட்டியின் மேல் வருமானம் என்று சொல்வது இதைத்தான். அடுத்த வருஷம் மோசமாகி 100 லட்சம் 5 தான் சம்பாதித்தது என்று வை. வட்டி 4 அப்படியே நிற்கும், அவருக்கு 1 லட்சம் மிச்சம். 1.7 சதவீதம். கடனே இல்லாமல் 100 லட்சமும் சொந்தக் காசாக இருந்திருந்தால் 5 சதவீதம் வந்திருக்கும். கடன் நல்ல வருஷத்தைக் கொஞ்சம் தூக்கிவிடும், கெட்ட வருஷத்தைப் பலமாக அழுத்திவிடும். லெவரேஜ் என்று அவர்கள் சொல்வது இதை.

இதில் தவணை, அதாவது காசை எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற விஷயம்தான் ஆளைக் கவிழ்ப்பது. நம் முன்னோர் கதையே அதற்குச் சாட்சி. 1929-30-ல் பர்மாவின் வங்கித் தொழிலை விசாரித்த அரசுக் குழு, செட்டியார் கடைகள் இங்கே ஈடுபடுத்தியிருந்த பணம் ஏறக்குறைய 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி நெல் விவசாயத்தில் இருந்தது. விவசாயிக்குக் கடன், ஈடு நிலம். பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. விவசாயியால் வட்டியே கட்ட முடியவில்லை. ஈடாக இருந்த நிலம் கடைகளின் கைக்கு வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938-ல் அது 25 சதவீதம். இதை இன்றைய சொல்லில் சொன்னால், கடன் என்ற சொத்து நிலம் என்ற சொத்தாக மாறியது. ஐந்தொகையில் தொகை அப்படியே இருக்கலாம். ஆனால் அவர்களுக்கு வேண்டியிருந்தது ரொக்கம். ஊரில் டெபாசிட் போட்டவர்களும் வங்கிகளும் காசைக் கேட்டார்கள். ஐராவதி டெல்டாவில் இருக்கும் வயலை அவர்களுக்குக் கொடுக்க முடியாது. செட்டியார்கள் நிலம் வாங்கவேண்டும் என்று வந்தவர்கள் இல்லை, கட்டாயத்தால் நிலக்காரர் ஆனார்கள். பர்மிய விவசாயியின் கண்ணில் அது தன் நிலம் பறிபோன கதை. அந்தக் கோபமும் நியாயமானதுதான். பிறகு யுத்தம், நில தேசியமயம் என்று எல்லாம் போயிற்று. சொத்து இருப்பதும் கையில் காசு இருப்பதும் வேறு வேறு என்பதை லிக்விடிட்டி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். நமக்கு அது ஒரு தலைமுறையின் கதை.

எனக்கே அது 2003-ல் நேராகத் தெரிந்தது. அந்த பிப்ரவரியில் இங்கே தனியார் வங்கிகளின் வாசலில் கூட்டம் கூடியது. நானும் ஒரு வங்கி வாசலில் காலை ஆறு மணிக்குப் பாஸ்புத்தகத்தோடு நின்றேன். வங்கி கடன் கொடுத்த காசு வீட்டிலும் ஆலையிலும் கிடந்தது. டெபாசிட்காரர்களோ அன்றைக்கே கேட்டார்கள். பணம் எடுக்க வரம்பு வைத்தார்கள். என் பாஸ்புத்தகத்தில் தொகை இருந்தது, கையில் காலையில் சாப்பிடும் மொஹிங்கா நூடுல்ஸுக்குக் கொடுக்கும் சில்லறைதான் இருந்தது. வங்கி உன் கணக்கில் வரவு வைத்தால், வங்கியின் ஐந்தொகையில் அது உனக்குத் தரவேண்டிய கடன். வரவு, பற்று என்ற சொற்கள் யார் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தவை. புதிதாகச் சேர்ந்தவர்கள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான், நீயும் குழம்பினால் வெட்கப்படாதே.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனிப் பெயரின் கடைசியில் வரும் லிமிடெட் என்ற சொல்லுக்குப் பொருள், பங்குதாரரின் பொறுப்பு அவர் பங்குக்குப் போட்ட காசோடு முடிந்தது என்பது. கிட்டங்கியில் இருந்த கூட்டுக் கடைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கடை முறிந்தால் ஊரில் இருக்கும் வீடு வரைக்கும் போகும். இங்கே கம்பெனிகள் 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்தன. 2017-ல் நிறைவேறிய புதுச் சட்டம் 2018 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் சிறிய கம்பெனிக்கு வங்கி கடன் கொடுக்கும்போது முதலாளியிடம் சொந்த ஜாமீன் கேட்கும். கையெழுத்துப் போட்டுவிட்டால் லிமிடெட் என்ற வேலி அந்தக் கடனுக்கு இல்லை.

டைல்யூஷனை நம் கடையிலேயே பார்க்கலாம். கடை மொத்தமும் 80 லட்சம் பெறும் என்று பேசி முடித்து, ஒரு மைத்துனர் புதிதாக 40 லட்சம் போடுகிறார். இப்போது கடை 120 பெறும். பழையவருக்கு மூன்றில் இரண்டு பங்கு, மைத்துனருக்கு ஒரு பங்கு. பழையவரின் உரிமை நூறு சதவீதத்திலிருந்து 67-க்கு இறங்கியது. மதிப்பு இறங்கியதா? 120-ல் மூன்றில் இரண்டு 80 தான், அதே 80. ஆனால் அவசரத்தில், கடை 40 தான் பெறும் என்று ஒப்புக்கொண்டு அதே 40-ஐ வாங்கியிருந்தால் பாதிக் கடை போயிருக்கும். ஆகவே எத்தனை சதவீதம் போயிற்று என்பதைவிட எந்த மதிப்பில் போயிற்று என்று கேள். ஐந்தொகையில் முதல் 67 என்று இருந்தும் பேச்சில் 80 வந்தது ஏன் என்று கேட்பாய். ஐந்தொகை போன காலத்தைச் சொல்கிறது. வாங்க வருகிறவர் வரப்போகிற லாபத்துக்கு விலை சொல்கிறார். பங்குச் சந்தையிலும் இதே பேரம்தான், ஆட்கள் அதிகம், அவ்வளவுதான். சூலே பகோடா சாலையில் நீ தினம் பஸ்ஸில் தாண்டிப் போகும் யாங்கோன் பங்குச் சந்தை 2015 டிசம்பரில் திறந்து, 2016 மார்ச் 25-ல் முதல் வியாபாரத்தைத் தொடங்கியது. அன்று பட்டியலில் இருந்தது ஒரே கம்பெனி, ஃபர்ஸ்ட் மியன்மார் இன்வெஸ்ட்மெண்ட்.

டிவிடெண்ட் என்பது லாபத்தில் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுப்பது. லாபத்திலிருந்து அறிவித்தாலும் ரொக்கத்திலிருந்துதான் கொடுக்க முடியும். நம் கடைக்காரர் 7 லட்சம் லாபம் என்று சொல்லி 7 லட்சத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போனால் பெட்டி காலி. அடுத்த வாரம் கூலிக்கு வழியில்லை. உங்கள் கம்பெனியில் சம்பளம் தள்ளிப்போன மாதத்தில் பங்குதாரருக்கு ஏதாவது போனதா என்று நீ தெரிந்துகொள்வது நல்லது. கேள்வியாகக் கேட்க வேண்டாம். ரொக்க ஓட்ட அறிக்கையில் கடைசிப் பகுதியில் அந்த வரி இருக்கும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய். உன் மேலதிகாரியிடம் வரவேண்டிய பாக்கிகளின் வயதுப் பட்டியலைக் கேட்டு வாங்கு. யார் எவ்வளவு, எத்தனை நாளாக என்று அதில் வரிசையாக இருக்கும். 90 நாளைத் தாண்டியவற்றை மட்டும் பென்சிலால் தனியே கூட்டு. அந்தத் தொகைக்குப் பக்கத்தில் உங்கள் எல்லோருடைய ஒரு மாதச் சம்பளத்தையும் எழுதிப் பார்த்துவிட்டு, எனக்கு மறுபடி எழுது.